பழைய லேப்டாப்புக்கு எந்த இலவச இயங்குதளம்? சேலத்திலும் ஏற்காட்டிலும் ஒத்துவருகிறவை

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளை அது பெரும்பாலும் ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேறு வேண்டும். ஆக, 2017-க்கு முன்னால் வாங்கிய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஐந்து ரோட்டுப் பக்கம் எந்த சர்வீஸ் கடைக்குப் போனாலும் கிடைக்கிற பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "புதுசு வாங்கிக்கோங்க, இல்லைன்னா பதினொன்னையே எப்படியாவது ஏத்தித் தர்றேனுங்க."

அந்த "எப்படியாவது" பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்ற முடியும், உண்மைதான். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கூடவே கிராக் செய்த காப்பியாக இருந்தால், அந்த கிராக்குக்குள் வேறு என்ன உட்கார்ந்திருக்கிறது என்பது போட்டுக் கொடுத்தவருக்கே தெரியாது. அதில்தான் நெட் பேங்கிங் பாஸ்வேர்டை அடிக்கப் போகிறோம். பத்திலேயே இருப்பது என்றால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிவு செய்தவர்களுக்கு நீட்டிப்பு உண்டு. அதற்கும் 2026 அக்டோபர் 13 என்று தேதி போட்டிருக்கிறார்கள்.

என் முடிவை முன்னாலேயே சொல்கிறேன்: விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற இயங்குதளங்களின் குடும்பம். 4 ஜிபி ரேமும் 64-பிட் சிப்பும் இருந்தால் லினக்ஸ் மின்ட் என்ற வகையின் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு. 2 ஜிபிதான், கூட்டவும் வழியில்லை என்றால் ஆன்டிஎக்ஸ் என்ற இன்னும் லேசான லினக்ஸ். வீட்டில் நல்ல வைஃபை இருந்து, பிரவுசரைத் தவிர வேறெதையும் தொடாதவர் என்றால் மட்டும் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸை யோசிக்கலாம். மற்றபடி இருக்கும் நூற்றுக்கணக்கான லினக்ஸ் வகைகளில் அலைவது பொழுதுபோக்கு. லேப்டாப்பை ஓட வைக்க அது தேவையில்லை.

யார் மாறவே கூடாது என்பதையும் பார்த்துவிடுவோம். டாலியில் கணக்கு எழுதுகிறவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். அம்மாப்பேட்டையில் தறிக்கு ஜக்கார்டு டிசைன் போடுபவர்களின் மென்பொருளும், டாங்கிள் என்ற யூஎஸ்பி சாவியைச் செருகினால்தான் திறக்கும் நகை டிசைன் மென்பொருள்களும் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட முயலும் வைன் என்ற கருவி வழியாக ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். பிழைப்பு நடக்கிற மென்பொருளை வைனை நம்பி ஓட்டாதீர்கள்.

இன்னொன்று பிரின்டர். ஜெராக்ஸ் கடை, பத்திரம் எழுதுபவர், சின்ன ஆபீஸ் என்று எங்கே பார்த்தாலும் கேனான் எல்பிபி 2900 ஒன்று உட்கார்ந்திருக்கும். அருமையான பிரின்டர், லினக்ஸில் மட்டும் தலைவலி. அதற்கான டிரைவர் மிகப் பழையது, புதிய பதிப்புகளில் உட்கார வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எச்பி லேசர்ஜெட் 1020 என்றால் எச்பிலிப் என்ற மென்பொருளோடு ஒரு பிளகினை டவுன்லோடு செய்தால் போதும், அடித்துத் தள்ளும். எப்சனின் இங்க் டேங்க் வகைகளும் சிரமம் தருவதில்லை. ஆகவே லேப்டாப்பைப் பார்ப்பதற்கு முன்னால் பிரின்டரின் மாடல் எண்ணைப் பாருங்கள்.

சரி, இப்போது லேப்டாப். மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: ரேம் எவ்வளவு, உள்ளே இருப்பது சுற்றுகிற ஹார்டு டிஸ்க்கா, சுற்றாத வேகமான எஸ்எஸ்டியா, சிப் பழைய 32-பிட் வகையா, புதிய 64-பிட் வகையா.

மூன்றாவதில்தான் நிறைய பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அந்தக் காலத்து கவர்மென்ட் லேப்டாப் இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கிறது. "அது 32-பிட்டுங்க, ஒண்ணும் போட முடியாது" என்பார்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு 32-பிட்டில் மட்டுமே வந்தது. 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் அது எடுத்துக்கொள்ளாது. அதாவது 32-பிட்டாக இருந்தது விண்டோஸ். அடியில் இருந்த சிப் பல மெஷின்களில் 64-பிட்தான். விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். "32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசசர்" என்று எழுதியிருந்தால் உங்கள் மெஷின் 64-பிட் லினக்ஸை ஓட்டும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் பழைய இரும்புக்குப் போன லேப்டாப்புகள் எத்தனையோ.

ஹார்டு டிஸ்க் விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. எந்த இயங்குதளம் என்று ஒரு வாரம் யோசிக்கிறவர்கள், முதலில் ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியை வாங்கிப் போடுங்கள். சுற்றுகிற டிஸ்க்கில் உலகத்திலேயே லேசான லினக்ஸைப் போட்டாலும் பிரவுசர் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். எஸ்எஸ்டியில் கொஞ்சம் கனமான லினக்ஸ்கூட சட்டென்று எழுந்து நிற்கும். ரேமும் கூட்டுவதாக இருந்தால் டிடிஆர்3, டிடிஆர்3எல் வித்தியாசத்தைக் கவனியுங்கள். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகள் பலவும் 'எல்' வகையைத்தான் கேட்கும். கடையில் பழைய ரேமைக் கழற்றிக் காட்டி வாங்குவதே உத்தமம்.

அப்புறம், லேசான இயங்குதளம் என்று பேசும்போது ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ஆன்டிஎக்ஸ் எழுந்து சும்மா நிற்கும்போது 200, 300 எம்பி ரேம் எடுக்கும். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஒரு ஜிபியை ஒட்டி எடுக்கும். ஆனால் பிரவுசரைத் திறந்து யூடியூப், வாட்ஸ்அப் வெப், ஜிமெயில் என்று மூன்று டேப் போட்டால் அதுவே ஒன்றரை ஜிபியைத் தாண்டிவிடும். எந்த லினக்ஸ் போட்டாலும் இந்த எடை குறையாது. காலி லாரி லேசாக இருக்கிறது என்பதற்காக மூட்டையின் எடை குறையாதல்லவா? அதனால் 2 ஜிபி மெஷினில் எதைப் போட்டாலும் டேப்பை எண்ணித்தான் திறக்க வேண்டும். இதைச் சொல்லாமல் "2 ஜிபியில் ராக்கெட் மாதிரி ஓடும்" என்கிறவர்களை நம்ப வேண்டாம்.

இனி மின்ட்டா லுபுண்டுவா. பழைய லேப்டாப் என்றதும் பலரும் முதலில் சொல்வது லுபுண்டு, உபுண்டு என்ற பிரபல லினக்ஸின் லேசான வகை. ஒரு காலத்தில் நானும் அதைத்தான் சொல்வேன். எல்எக்ஸ்கியூடி என்ற அதன் டெஸ்க்டாப் உண்மையிலேயே லேசானது. ஆனால் 22.04 பதிப்பிலிருந்து உபுண்டு குடும்பத்தில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஸ்னாப் பொட்டலமாக வருகிறது. ஸ்னாப் என்பது மென்பொருளையும் அதற்கு வேண்டியவற்றையும் சுருக்கி ஒரே கட்டாகக் கட்டிவைப்பது. பழைய சிப்பும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள மெஷினில் அதை விரித்துத் திறக்கவே நேரம் பிடிக்கும். டெஸ்க்டாப்பில் மிச்சம் பிடித்ததை பிரவுசரில் விட்டுவிடுகிறோம். மின்ட்டும் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டதுதான். ஆனாலும் ஸ்னாப்பை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஃபயர்ஃபாக்ஸை வழக்கமான பொட்டலமாகவே தருகிறது. தெரிந்தவர்கள் லுபுண்டுவிலும் ஸ்னாப்பைக் கழற்றி வேறு ஃபயர்ஃபாக்ஸைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சித்தப்பாவுக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ போட்டுக்கொடுக்கும்போது அந்த வேலையெல்லாம் எதற்கு?

ஆதரவுக் காலமும் பார்க்க வேண்டும். லுபுண்டு 24.04-க்கு மூன்று வருடம், 2027 ஏப்ரல் வரை. அதே 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை. போட்டுக்கொடுத்துவிட்டு மறந்துபோகிற மெஷினுக்கு இந்த இரண்டு வருடம் பெரிய விஷயம். மின்ட்டில் சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்பு உண்டு. பளபளப்பைப் பார்த்துச் சின்னமனை எடுக்கத் தோன்றும். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் தாராளமாக எடுங்கள்; 4 ஜிபிக்கு எக்ஸ்எஃப்சிஇ. மின்ட் குறைந்தது 2 ஜிபி கேட்கிறது, 4 இருந்தால் சௌகரியம் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தக் குறைந்தபட்சத்தை நம்பி இறங்காதீர்கள்.

மின்ட்டை நான் சிபாரிசு செய்ய டைம்ஷிஃப்ட்டும் ஒரு காரணம். அப்டேட்டுக்கு முன்னால் சிஸ்டத்தின் நிலையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஏதாவது கோளாறு வந்தால் பழைய தேதிக்கே திருப்பிவிடும் கருவி அது. கூடவே வருகிறது. ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர், லேப்டாப் மக்கர் செய்கிறதென்று இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்கு வந்து, காத்திருந்து, திரும்ப ஏறுவதென்றால் ஒரு நாள் வேலை கெட்டது. அவருக்குப் போனிலேயே "டைம்ஷிஃப்ட்டைத் திறங்க, போன ஞாயித்துக்கிழமை தேதியைத் தொடுங்க, ரீஸ்டோர் குடுங்க" என்று சொல்லிவிடலாம்.

எம்எக்ஸ் லினக்ஸையும் டெபியனையும் சுருக்கமாகச் சொல்கிறேன், மின்ட்டுக்கு அடுத்தபடியாக நல்லவை. டெபியன் 1993-இலிருந்து இருக்கும் தாய்வீடு. உபுண்டுவும் அதன் வழியாக மின்ட்டும் அங்கிருந்து வந்தவைதான். டெபியன் 12-இலிருந்து வைஃபை சிப்பை இயக்க வேண்டிய ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருள் இன்ஸ்டாலரிலேயே வருவதால் பழைய பயமில்லை. அப்டேட்டுகள் குறைவாக வரும்; மொபைல் டேட்டாவில் ஓட்டுகிறவர்களுக்கு அது லாபம். ஆனால் ஆரம்பத்தில் அமைத்துக்கொடுக்க ஒரு கை தெரிந்தவர் வேண்டும். எம்எக்ஸ் அதே டெபியனின் மேல் நல்ல கருவிகளைச் சேர்த்துத் தருகிறது. நாம் அமைத்து முடித்த சிஸ்டத்தை அப்படியே நகலெடுத்துப் பென்டிரைவில் எழுதும் எம்எக்ஸ் ஸ்னாப்ஷாட் அதில் தனிச் சிறப்பு. ஒரு பள்ளிக்கோ டியூஷன் சென்டருக்கோ பத்து லேப்டாப்பை ஒரே மாதிரி அமைக்க வேண்டும் என்றால் நான் மின்ட்டை விட்டுவிட்டு எம்எக்ஸை எடுப்பேன்.

குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் வேறு ரகம். கூகுள் 2022-இல் வெளியிட்டது, காசு இல்லை. ஆனால் மற்றவற்றைப் போலக் கட்டற்ற மென்பொருள் இல்லை. 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம் கேட்கும். அப்டேட்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும். தமிழில் ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கலாம். அஸ்தம்பட்டியில் ஃபைபர் இணைப்போடு இருக்கும் ரிட்டயர்டு தாத்தாவுக்கு, பேரனோடு வீடியோ காலும் செய்தியும் போதும் என்றால், இதைவிடத் தொல்லையில்லாதது இல்லை. ஆனால் போன் மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், பிளே ஸ்டோர் கிடையாது. டிஸ்க் முழுவதையும் அழித்துத்தான் நிறுவ முடியும். பழைய விண்டோஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வழியில்லை. சான்றளித்த மாடல்களின் பட்டியல் ஒன்றைக் கூகுள் வைத்திருக்கிறது, ஒவ்வொரு மாடலுக்கும் ஆதரவு முடியும் தேதியும் அதில் உண்டு. பட்டியலில் இல்லாத மாடலில் ஓடினாலும் ஓடும், உத்தரவாதம் இல்லை.

மலையில் இதை நான் போட மாட்டேன். ஏற்காடு டவுனை விட்டு நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட்டுகளுக்குள் போய்விட்டால் சிக்னல் ஜன்னலோரம் ஒன்று, அடுப்படியில் ஒன்று என்று இருக்கும். காபி பறிக்கும் பருவத்தில் கூலிக் கணக்கைக் கூகுள் ஷீட்டில் திறக்கக் காத்துக்கொண்டிருக்க முடியாது. ஆஃப்லைன் வசதி இருக்கிறதுதான், முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தால். மின்ட்டில் லிப்ரெஆபீஸ் கால்க் கூடவே வருகிறது. நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஃபைல் அங்கேயே இருக்கும்.

மலையில் கரன்ட்டும் கணக்கில் வரும். பழைய லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போயிருக்கும், சார்ஜரில்தான் ஓடும். மழைக்காலத்தில் கரன்ட் போனால் லேப்டாப் பொத்தென்று அணைந்துவிடும். பப்பி லினக்ஸுக்கு நான் இடம் கொடுக்காததற்கு இதுதான் காரணம். பப்பி 2003-இலிருந்து இருக்கிறது. மொத்தமும் ரேமில் ஏறிக்கொள்வதால் டிஸ்க்கே இல்லாத மெஷினிலும் பறக்கும். ஆனால் பென்டிரைவிலிருந்து ஓட்டும்போது நாம் செய்த வேலை ரேமில் தங்கி, அவ்வப்போதும் அணைக்கும்போதும்தான் பதிவாகும். நடுவில் கரன்ட் போனால் அதற்குள் செய்தது போனதுதான். கெட்டுப்போன விண்டோஸிலிருந்து போட்டோக்களை மீட்டெடுக்கப் பப்பி ஒரு பென்டிரைவில் இருக்கட்டும், அன்றாடத்துக்கு வேண்டாம். மற்ற லினக்ஸ்களில் இருக்கும் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் அமைப்பு, எழுதப்போவதை முன்கூட்டிக் குறித்துவைத்துக்கொள்வதால் இப்படித் திடீரென அணைந்தாலும் பெரும்பாலும் தானே சரிசெய்துகொண்டு எழும்.

2 ஜிபி மெஷினுக்கு ஆன்டிஎக்ஸ் என்றேன். அதுவும் டெபியன் வழி வந்தது. பார்க்க அழகாக இருக்காது, மெனு முழுக்கப் பெயர் தெரியாத கருவிகளாக இருக்கும், முதல் நாள் திணறல்தான். டெஸ்க்டாப்பில் பிரவுசர், ஃபைல்கள், எழுதும் மென்பொருள் என்று மூன்று ஐகானை மட்டும் வைத்துவிட்டு மற்றதைக் கண்ணில் படாமல் செய்துவிடுங்கள். உண்மையிலேயே 32-பிட் சிப்பாக, அதாவது ஆட்டம் சிப் போட்ட பழைய நெட்புக் என்ற குட்டி லேப்டாப்பாக இருந்தாலும் ஆன்டிஎக்ஸ் 23-க்கு 32-பிட் பதிப்பு இருக்கிறது. மின்ட்டின் முதன்மைப் பதிப்புகள் 2020-இலேயே 32-பிட்டை விட்டுவிட்டன, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இலும் 32-பிட் இன்ஸ்டாலர் இல்லை. பிரவுசர்களும் கைகழுவுகின்றன: லினக்ஸில் 32-பிட் குரோம் 2016-லேயே நின்றது, 32-பிட் ஃபயர்ஃபாக்ஸ் 144-ஆம் பதிப்போடு முடிந்து, நீண்டகால ஆதரவுப் பதிப்பில் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஆகவே நெட்புக்கில் பணம் போடாதீர்கள். பிள்ளை டைப்பிங் பழக, பாட்டு கேட்க, அவ்வளவுதான் அதற்கு.

"பாஸ் லினக்ஸ் போடலாமே, நம்ம ஊரு தயாரிப்பு" என்பவர்கள் உண்டு. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்துச் செய்தது, இந்திய மொழிகளுக்கான வசதிகள் உள்ளேயே இருக்கும். கவர்மென்ட் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்திருப்பீர்கள், பார்த்த அன்றே அழித்தும் இருப்பீர்கள். கெட்ட சிஸ்டம் இல்லை. ஒரு சிக்கல் என்று தேடும்போது மின்ட்டுக்கு நூறு பதில் கிடைக்கும், பாஸுக்கு ஒன்றிரண்டு. புதிதாக வருகிறவருக்கு அந்த வித்தியாசம் முக்கியம். தமிழிலேயே லினக்ஸ் படிக்க விரும்புகிறவர்கள் கணியம் இதழைப் பாருங்கள். அங்கே இருப்பதில் பெரும்பகுதி உபுண்டு, டெபியன் வகைகளுக்கு அப்படியே பொருந்தும்.

தமிழில் அடிப்பது எல்லாவற்றிலும் முடியும், சுலபம்தான் கூடக் குறைய. மின்ட்டில் இன்புட் மெத்தட் என்ற இடத்தில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சுக் கருவிகளைச் சேர்த்தால் தமிழ்99 என்ற விசைப்பலகை முறை வந்துவிடும். கீபோர்டு பட்டியலிலேயே தமிழ்99 என்று வேறொன்றும் கண்ணில் படும். அது எழுத்துகளின் இடத்தை மட்டும் மாற்றும்; க-வை இரண்டு முறை தட்டினால் தானாகப் புள்ளி வைத்து 'க்க' ஆக்கும் வேலையை எம்17என் வழியாக வருவதுதான் செய்யும். ஆன்டிஎக்ஸில் இதையெல்லாம் கையால் அமைக்க வேண்டியிருக்கும்.

யூனிகோடு வருவதற்கு முன்பிருந்த எழுத்துருக்களில் ஃபைல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகமானாலும் சரி, வானவில் ஔவையாரில் தட்டிய அரசாங்கக் கடிதங்களை வைத்திருப்பவரானாலும் சரி, விண்டோஸை அழிப்பதற்கு முன் அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்துவையுங்கள். எழுத்துரு இல்லாமல் அந்த ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். ஃபைல் கெட்டுவிட்டதென்று பயந்து அழித்துவிடக் கூடாது.

நிறுவுவதற்கு முன்னால் இயங்குதளத்தை 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, 'லைவ்' முறையில், அதாவது டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மின்ட்டை எழுத விண்டோஸிலிருந்தே ரூஃபஸ் என்ற மென்பொருள் போதும். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12 வேலை செய்ய முதலில் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் அதை இயக்கிவிட வேண்டும். லைவில் நிற்கும்போதே வைஃபை, சத்தம், கேமரா, பிரைட்னஸ் பட்டன், மூடித் திறந்தால் எழுகிறதா என்பதைப் பார்த்துவிடலாம். பிராட்காம் வைஃபை சிப் இருந்தால் ஆரம்பத்தில் எந்த நெட்வொர்க்கும் தெரியாது. பதறாமல் போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங்கை ஆன் செய்யுங்கள். நெட் வந்துவிடும், டிரைவர் மேனேஜர் மிச்சத்தைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

நெட் வந்தும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்றே காட்டினால் லினக்ஸைத் திட்டாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பரணில் பல வருடம் கிடந்த லேப்டாப்பில் மதர்போர்டின் பட்டன் செல் தீர்ந்து, தேதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போயிருக்கும். அந்தத் தேதியில் எந்தத் தளத்தின் சான்றிதழும் செல்லாது. தேதியைக் கையால் மாற்றினால் அப்போதைக்குத் திறக்கும். நிரந்தரமாகச் சரியாக அந்தச் செல்லை மாற்ற வேண்டும். பெரும்பாலும் சிஆர்2032, சில லேப்டாப்புகளில் அது வயரோடு சுற்றிவைத்த வகையாக இருக்கும், அதனால் பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.